ஸகாலோவை மாற்றிவிடாதீர்கள்

கேள்வி: வியாசர்பாடியில் நாங்கள் எட்டு நண்பர்கள். எல்லாக் காலத்து கால்பந்து வீரர்களிலிருந்தும் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்துக் கற்பனை அணிகள் அமைத்திருக்கிறோம். இரண்டு அணிகள் மோதும்போது அவற்றுக்குரிய இருவரும் தங்கள் ஆட்டத் திட்டத்தைச் சொல்லி வாதிட வேண்டும். மற்ற ஆறு பேரும் வாக்களிப்பார்கள்.

என் அணி: யாஷின், கஃபு, பரேசி, கோஸ்டாகுர்ட்டா, ஃபாக்கெட்டி, ரைக்கார்ட், மத்தேயஸ், டிடி, கரிஞ்சா, கிரைஃப், ஸகாலோ. எதிரணி: ஜோஃப், கார்லோஸ் ஆல்பெர்ட்டோ, பெக்கன்பவர், ஜென்டிலே, ராபர்டோ கார்லோஸ், மகெலெலே, ஜிடேன், மரடோனா, புஸ்காஸ், வான் பாஸ்டன், ரொனால்டினோ.

லீக் சுற்றில் “மரடோனாவை மத்தேயஸ் மார்க் செய்வார்” என்றேன். “மரடோனாவை யாரால் தடுக்க முடிந்தது?” என்று எதிரணி நண்பர் கேட்டார். அதோடு முடிந்தது, 5-1 வாக்குகளில் தோற்றேன். வரும் ஞாயிறு இறுதிப் போட்டியில் மறுபடியும் அவர்தான். ஒரு வீரரை மாற்றிக்கொள்ளலாம். ஸகாலோவை விட்டுவிட்டு தியரி ஹென்றியை எடுக்கலாமா? எப்படி வாதிட்டால் வெல்லலாம்?

பதில்: முதலில் மாற்றத்தைப் பற்றி. ஸகாலோவைத் தொடாதீர்கள். உங்கள் பட்டியலிலேயே சிறந்த தேர்வு அவர்தான் என்று நினைக்கிறேன். பெரம்பூர்ப் பக்கம் சிறுவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். பந்து பறிபோனதும் திரும்பி ஓடிவரும் பையனுக்கு யாரும் கைதட்டுவதில்லை. அவன் வராத நாளில் அணி ஏன் தடுமாறுகிறது என்பதும் யாருக்கும் புரிவதில்லை. ஸகாலோ அந்தப் பையன். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் நான்கு ஃபார்வர்டுகளோடு ஆடியதாகத்தான் காகிதத்தில் இருக்கும். உண்மையில் இடது ஓரத்தில் இருந்த ஸகாலோ நடுக்களத்துக்கு இறங்கி மூன்றாவது ஆளாக நின்றார். அவர் இறங்கியதால்தான் வலது ஓரத்தில் கரிஞ்சா திரும்பிப் பார்க்காமல் ஆட முடிந்தது. நடுவில் ஆட்டத்தை நடத்தியவர் டிடி. மூவரும் 1958, 1962 என இரண்டு கோப்பைகளைச் சேர்ந்து வென்றவர்கள். அந்த மூவருமே உங்களிடம் இருக்கிறார்கள்! பரேசி, கோஸ்டாகுர்ட்டா, ரைக்கார்ட் மூவரும் 1989, 1990 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற மிலான் அணியினர். இதை நீங்கள் லீக் சுற்றில் சொன்னதாகவே தெரியவில்லை. “இவர்கள் எப்படிச் சேர்ந்து ஆடுவார்கள்?” என்பதுதான் கற்பனை அணிகளின் மீது வரும் முதல் சந்தேகம். உங்கள் பதினொருவரில் ஆறு பேருக்கு அதற்கான விடை வரலாற்றிலேயே இருக்கிறது.

இனி மரடோனா. மத்தேயஸை அவர்மேல் நிறுத்துவது 1986 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பெக்கன்பவர் மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளராக இருந்து செய்த காரியம். மரடோனா அன்று கோல் அடிக்கவில்லை. ஆனால் மேற்கு ஜெர்மனி தன் சிறந்த நடுக்கள வீரரைக் காவலாளியாக்கிச் செலவழித்துவிட்டது. 2-2 என்றிருந்தபோது மரடோனா கொடுத்த ஒரே பாஸில் அர்ஜென்டினாவின் புருச்சாகா வெற்றி கோலை அடித்தார். உங்கள் நண்பருக்கு இது தெரிந்திருந்தால் நீங்கள் மத்தேயஸ் பெயரைச் சொன்ன கணமே மகிழ்ந்திருப்பார்.

ஆகவே மரடோனாவைத் தடுப்பேன் என்று சொல்லவே வேண்டாம். அவர் ஒரு கோல் அடிப்பார் என்று நீங்களே முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். உடனே 1988 மே 1 அன்று நேப்பிள்ஸில் மரடோனாவின் நாப்போலி அணிக்கும் மிலானுக்கும் நடந்த ஆட்டத்தைச் சொல்லுங்கள். இத்தாலிய லீக் பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டம் அது. மரடோனா ஃப்ரீகிக்கில் அருமையான கோல் அடித்தார். ஆனாலும் பரேசி இருந்த மிலான் 3-2 என்று வென்று அந்த ஆண்டுப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. “மரடோனா கோல் அடித்தார், ஆனாலும் அவர் அணி தோற்றது” என்பதற்குச் சான்று இருக்கும்போது எதிராளியின் பெரிய ஆயுதம் பாதி மழுங்கிவிடும். ரைக்கார்ட் மரடோனாவுக்கு முன்னால் இடத்தைக் காப்பார், பரேசி பின்னால் நிற்பார், யாரும் அவரைத் துரத்திக்கொண்டு ஓட மாட்டார்கள் என்று சொல்லி நிறுத்துங்கள். அந்த ஆட்டத்தில் மிலானுக்காக வான் பாஸ்டனும் கோல் அடித்தார், அவர் இப்போது எதிரணியில் இருக்கிறார் என்பதை மறைக்காதீர்கள். யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் நம்பிக்கை போய்விடும்.

மத்தேயஸ் இப்போது விடுபட்டுவிட்டார். உங்கள் வெற்றி கோல் அவரிடமிருந்துதான் வரப்போகிறது. இதை வாயால் சொல்லாமல் கேரம் பலகையில் காட்டுங்கள். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது. இரு கோல்கீப்பர்களையும், அணிக்கொரு கடைசித் தடுப்பாளராகப் பரேசியையும் பெக்கன்பவரையும் விட்டுவிட்டால் கணக்குச் சரியாக வரும். கரிஞ்சாவின் காயை ராபர்டோ கார்லோஸுக்கு எதிரே வையுங்கள். ராபர்டோ கார்லோஸ் ஏறி விளையாடுபவர். அவருக்கு முன்னால் நிற்கும் ரொனால்டினோ இறங்கி உதவுபவர் அல்லர். அந்தப் பள்ளத்தை மூட மகெலெலே இடப்பக்கம் நகர்ந்தே ஆக வேண்டும். நகர்த்திக் காட்டுங்கள். அடுத்து கிரைஃப் நடுக்களத்துக்கு இறங்குகிறார். ஜென்டிலே ஒட்டிக்கொண்டே போவதில் பேர்பெற்றவர், பின்னாலேயே வருவார். இப்போது பெக்கன்பவர் இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றிப் பலகை வெறுமையாக இருக்கும். மத்தேயஸின் காயை அதற்குள் விடுங்கள். 1990 உலகக் கோப்பையில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக நடுக்களத்திலிருந்து பந்தைக் கொண்டுபோய் அவர் அடித்த கோலைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டிரைக்கர் கீழே இறங்கித் தடுப்பாளரைக் குழப்புவது பழைய வித்தை. 1953இல் வெம்ப்லியில் ஹிடெக்குட்டி அப்படி இறங்கி ஆடி மூன்று கோல் போட்டார்; ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வென்றது. அவரோடு அன்று ஆடிய புஸ்காஸ் உங்கள் எதிரணியில் இருக்கிறார், இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்.

“1974 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் கிரைஃபை மேற்கு ஜெர்மனித் தடுப்பாளர் ஃபோக்ட்ஸ் கட்டிப்போட்டாரே” என்ற கேள்வி கண்டிப்பாக வரும். அந்த ஆட்டத்தின் முதல் நிமிடத்தை நினைவூட்டுங்கள். கிரைஃப் கீழிருந்து புறப்பட்டு ஃபோக்ட்ஸைத் தாண்டி ஓடினார், ஹோனஸ் அவரை வீழ்த்தினார், பெனால்டி. ஜெர்மானியர் ஒருவர்கூடப் பந்தைத் தொடுவதற்குள் நெதர்லாந்து முன்னிலை பெற்றுவிட்டது. ஆட்டத்தை மேற்கு ஜெர்மனி 2-1 என்று வென்றதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, எதிராளி அதை இன்னும் பார்க்கவில்லை. இடக்கால்காரரான புஸ்காஸை அவர் வலது ஓரத்தில் எழுதியிருக்கிறார். இதைக் குறையாகச் சொல்லிச் சிரிக்கத் தோன்றும். வேண்டாம். புஸ்காஸ் இயல்பாகவே உள்ளே வருவார்; ஃபாக்கெட்டி அவரோடு உள்ளே போனால் ஓரம் காலியாகும்; அங்கே ஓடிவருபவர் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ. 1970 உலகக் கோப்பை இறுதியில் இதே ஃபாக்கெட்டியை பிரேசிலின் ஜெயர்சின்ஹோ உள்ளே இழுத்துப்போக, இதே கார்லோஸ் ஆல்பெர்ட்டோ அந்தக் காலி இடத்தில் வந்து இத்தாலிக்கு எதிராக நான்காவது கோலை அடித்தார். ஆளுக்கு ஆள் காவல் காத்துப் பழகிய ஃபாக்கெட்டியை “எங்கள் அணியில் இடம் காப்பார்” என்று நீங்கள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் உள்ளே போகட்டும். கார்லோஸ் ஆல்பெர்ட்டோவோடு ஓடி இறங்குவதற்குத்தான் ஸகாலோ இருக்கிறார். ஹென்றியை வைத்துக்கொண்டு இந்த பதிலைச் சொல்ல முடியாது. வாக்களிக்கும் ஆறு பேரும் முல்லை நகர் மைதானத்தில் மாலையில் ஆடுபவர்களாக இருந்தால், திரும்பி ஓடிவரும் ஆள் இல்லாமல் அவர்கள் வாங்கிய கோல்களே உங்களுக்காகப் பேசும்.

எதிரணியில் சமநிலை இல்லை, வெறும் நட்சத்திரக் கூட்டம் என்று மட்டும் வாதிடாதீர்கள். ஜிடேன், ராபர்டோ கார்லோஸ், மகெலெலே மூவரும் ஒன்றாக ஆடித்தான் 2002இல் ரியல் மாட்ரிட் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அவர் அதைச் சொன்னால் உங்களிடம் பதில் இராது. “அன்று மகெலெலேவுக்கு முன்னால் ஜிடேன் இருந்தார்; இங்கே ஜிடேனோடு மரடோனாவும் ரொனால்டினோவும் இருக்கிறார்கள்” என்ற அளவோடு நிறுத்துங்கள். அதேபோல், உங்கள் அணி முன்னேறி நெருக்கி ஆஃப்சைடு பொறி வைக்கும் (தடுப்பாளர்கள் ஒன்றாக முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைக்கும்) என்றும் சொல்ல வேண்டாம். மிலானின் அந்தப் பொறிக்கு முன்வரிசையில் எல்லோரும் பந்தைத் துரத்த வேண்டும். கரிஞ்சா துரத்துவார் என்று நானே நம்ப மாட்டேன்.

ஞாயிறு வருவதற்குள் விதிகளைப் பேசி முடித்துவிடுங்கள். 1992க்குப் பிறகு சக வீரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்க முடியாது. யாஷின், ஜோஃப் இருவருக்குமே இது பொருந்தும். 1998 உலகக் கோப்பையிலிருந்து, எதிராளிக்கு ஆபத்து உண்டாகும்படி பின்னாலிருந்து மோதித் தடுப்பதற்குச் சிவப்பு அட்டை. ஜென்டிலேவின் பாணிக்கு இது பெரிய இடி, உங்கள் கிரைஃபுக்கு நிம்மதி. எனவே இன்றைய விதிகள் என்று கேளுங்கள். இன்றைய விதியில் மரடோனாவும் இன்னும் சுதந்திரமாக ஆடுவார் என்று அவர் சொல்வார். ஒரு கோலை ஏற்கெனவே அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள், ஒப்புக்கொள்ளுங்கள். யார் முதலில் பேசுவது என்று காசு சுண்டினால், வென்றாலும் இரண்டாவதாகப் பேசுங்கள். கேரம் பலகையை அதுவரை வெளியே எடுக்காதீர்கள்.