குளிர்காலத்தில் ஹைப்ரிட் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போக எந்த டயர் போடலாம்?

சைக்கிளோடு வந்த டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய பட்டன் டயர், அதாவது மேலே ரப்பர் முண்டு முண்டாக நிற்கும் டயர் போட்டால் குளிர்காலத்தில் வழுக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு குளிர்காலமாக நான் ஹைப்ரிட் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். முதல் வருஷம் நானும் இதே நினைப்பில் பட்டன் டயர்தான் வாங்கினேன். விழுந்ததும் அந்த டயரோடுதான்.

அன்று ரோட்டில் பனி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் மழை, ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர். காலையில் பார்த்தால் வெறும் ஈர ரோடு. ஒரு வளைவில் லேசாகச் சாய்ந்து திரும்பினேன். சறுக்குகிறது என்று மனசுக்குப் படுவதற்குள் இடுப்பு தரையில் மோதிவிட்டது. கையை ஊன்றி எழப் பார்த்தேன், கையும் வழுக்கியது. ஈரம் என்று நினைத்தது முழுக்க முழுக்க ஐஸ். கண்ணாடி மாதிரி, தார் நிறம் அப்படியே அடியில் தெரியும்படி மெல்லிசாகப் படிந்திருந்தது.

அதனால் டயர் வாங்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: நீங்கள் போகும் நேரத்தில், போகும் வழியில், ஐஸ் இருக்குமா? இருக்கும் என்றால் ஆணி வைத்த டயர்தான், அதாவது ஸ்டட் டயர். வேறு எந்த டயரையும் நம்பி ஐஸில் திரும்பாதீர்கள்.

ஐஸ் வராது, மழையும் குளிரும்தான் என்றால் பட்டனுக்கு வேலையே இல்லை. கார் டயர் அகலம், காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் மேலே மிதந்துவிடும், அதனால்தான் அதற்குக் குழிகள் வேண்டும். சைக்கிள் டயர் குறுகலானது, வளைந்தது, அழுத்தமும் அதிகம். தண்ணீரைத் தானே பிளந்து ஒதுக்கிவிடும். 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த டயர் தண்ணீரில் மிதக்க வேண்டுமென்றால் மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல் போக வேண்டும். தார் ரோட்டில் பெரிய பட்டன் இருந்தால் ரோட்டைத் தொடும் ரப்பர்தான் குறைகிறது. கிட்டத்தட்ட வழுவழுப்பான, 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள டயரே ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும்.

மழைக்காலத்தின் உண்மையான தொல்லை பஞ்சர். ஈர ரப்பரைக் கல்லும் கண்ணாடியும் சுலபமாகக் கிழிக்கும், ஓரத்துக் குப்பையெல்லாம் தண்ணீரோடு நடு ரோட்டுக்கு வந்துவிடும். பொத்தவுடன் காற்று போவதில்லை. குண்டூசித் தலை அளவு சில்லு ரப்பரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், பத்து நாள் கழித்து ட்யூபைத் தொடும். வாரம் ஒரு நாள் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்து இதையெல்லாம் ஊசியால் நோண்டி எடுத்துவிடுகிறேன். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் மாதிரி, உள்ளே 5 மி.மீ. பாதுகாப்புப் பட்டை வைத்த டயர் இருக்கிறது. கனம்தான், ரிம்மில் ஏற்றுவதற்குள் கட்டைவிரல் நோகும். ஆனாலும் விறைத்த கையோடு இருட்டில் ட்யூப் மாற்றுவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆணி இல்லாத குளிர்கால டயர் என்று ஒரு வகையும் உண்டு, கான்டினென்டல் டாப் கான்டாக்ட் வின்டர் மாதிரி. சாதாரண ரப்பர் குளிரில் இறுகிப்போகும், இதன் ரப்பர் மிருதுவாகவே இருக்கும், மேலே மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். குளிர்ந்த ஈர ரோட்டிலும் லேசான புதுப் பனியிலும் அருமையான டயர். ஐஸுக்கு இதுவும் போதாது.

ஸ்டட் டயருக்கு வருகிறேன். ஆணி டங்ஸ்டன் கார்பைடாக இருக்க வேண்டும். வெறும் எஃகு ஆணி தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்து மொட்டையாகிவிடும். அடுத்து எண்ணிக்கை. ஹக்கபெலீட்டா டபிள்யூ 106, டபிள்யூ 240 என்ற பின்லாந்து டயர்களில் பெயரிலேயே ஆணிக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலும் வெறும் ரோடு, அங்கங்கே ஐஸ் என்றால் குறைவான ஆணி போதும். மிதிபட்ட பனி தடம் தடமாக உறைந்து கிடக்கும் வழி என்றால் ஓரத்திலும் ஆணி உள்ள நான்கு வரிசை டயர் வாங்குங்கள். அந்தத் தடத்தின் விளிம்பில் ஏறும்போது பிடிப்பது ஓரத்து ஆணிதான்.

புது ஸ்டட் டயரை மாட்டியதும் முதல் 40, 50 கி.மீ. வெறும் ரோட்டில் நிதானமாக ஓட்டுங்கள். உடனே பலமாக பிரேக் அடித்தால் ரப்பரில் சரியாகப் படியாத ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சடசடவென்று சத்தம் போடும், வேகமும் குறையும், அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே கிளம்புங்கள்.

இரண்டு டயர் வாங்க முடியாவிட்டால் ஒன்றை முன்னால் போடுங்கள். பின் சக்கரம் சறுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் சறுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது.

அளவைச் சரிபார்க்காமல் மட்டும் வாங்கிவிடாதீர்கள். டயர் பக்கவாட்டில் 37-622 என்பது போல இருக்கும். 622 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அது உங்கள் பழைய டயரில் உள்ளதிலிருந்து மாறக் கூடாது. முதல் எண் மி.மீ. அகலம். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். இல்லையென்றால் ஈரப்பனி அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது.

காற்று விஷயத்தில் ஒரு கணக்கு. வீட்டுக்குள் 20 டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடித்தால், வெளியே மைனஸ் 10 டிகிரியில் அது தானாக 52 பிஎஸ்ஐ ஆகிவிடும். ஐஸ் நாட்களில் இந்தக் குறைவு நல்லதுதான், அதிக ஆணிகள் தரையைத் தொடும். பக்கவாட்டில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் இறங்க விடாதீர்கள்.

நான் டயர் மாற்றுவது முதல் பனி விழுந்த பிறகு அல்ல. விடியற்காலை 3 டிகிரி என்று வானிலை அறிக்கையில் வந்தவுடன் மாற்றிவிடுவேன். பாலங்களுக்கு அடியிலும் காற்று ஓடுவதால் மற்ற ரோட்டுக்கு முன்பே அவை உறைந்துவிடும், என் வழியில் அப்படி இரண்டு பாலம் இருக்கிறது.