சென்னையில் மாடுலர் கிச்சனை யாரிடம் செய்து வாங்குவது?

மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வாங்கியிருக்கும் புது வீட்டுக்கு மாடுலர் கிச்சன், அதாவது தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து பொருத்தும் சமையலறை, போட வேண்டும். பெரிய நிறுவனத்திடம் கொடுப்பதா, உள்ளூர்த் தொழிற்கூடத்திடம் கொடுப்பதா, தச்சரை வைத்தே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால், சொந்த இயந்திரங்களும் நிரந்தரமாக வேலை பார்க்கும் பொருத்துநர்களும் உள்ள உள்ளூர்த் தொழிற்கூடத்தையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அவர்கள் இதே ஊரில் செய்துகொடுத்து, நான்கைந்து மழைக்காலத்தையாவது கண்டுவிட்ட ஒரு சமையலறையை நேரில் காட்டிய பிறகுதான் முன்பணம் கொடுப்பேன்.

ஷோரூமில் நிறத்தையும் கைப்பிடியையும் தேர்ந்தெடுக்கலாம். அங்கே நிற்கும் சமையலறையில் ஒரு நாளும் தண்ணீர் சிந்தியதில்லை, குக்கர் ஆவி பட்டதில்லை என்பதால் அதன் உழைப்பைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. பழைய வாடிக்கையாளர் வீட்டில் முதலில் சிங்க் அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடிப்பலகையின் மூலைகள் உப்பியிருக்கின்றனவா, ஓரத்தில் ஒட்டிய எட்ஜ் பேண்டிங் பிரிந்திருக்கிறதா, ஹிஞ்சில் துரு ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். பாத்திரம் நிறைந்த டிராயரை முழுவதும் இழுத்து, அது தொய்யாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். அந்த வீட்டில் அன்றாடம் சமைப்பவரிடம், ஏதாவது பழுது என்று அழைத்தபோது ஆள் வர எவ்வளவு நாளானது என்று கேளுங்கள். காட்டுவதற்கு அப்படி ஒரு வீடும் இல்லை என்று சொல்லும் இடத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் விட்டுவிடுவேன்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் ஊரின் ஈரம். பள்ளிக்கரணையில் இருக்கும் என் அக்கா வீட்டில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டில் செய்த கீழ்ப்பெட்டிகள் அத்தனையும் ஊதிப்போய், திருகாணிகள் பிடிமானம் இழந்து கதவுகள் கழன்றன. பக்கத்து வீட்டில் பழைய முறைப்படி கடப்பா கல்லை நிறுத்திக் கட்டிய மேடைக்கு எந்தச் சேதமும் இல்லை, கழுவி விட்டு அன்றே சமைத்தார்கள். வெள்ளம் வராத வீட்டிலும் குழாய் மூட்டின் மெல்லிய கசிவு இதே வேலையைச் சில ஆண்டுகளில் செய்து முடித்துவிடும்.

ஆகவே கீழ்ப்பெட்டிகளுக்கு ஐஎஸ் 710 தர மரைன் பிளைவுட்டுக்குக் குறைவாக எதையும் ஏற்காதீர்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அதன் பசை விடக்கூடாது என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் உரிமம் யாருடையது, செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். ஈரம் எட்டாத மேல்பெட்டிகளுக்கும் பரண் கதவுகளுக்கும் எச்டிஎச்எம்ஆர் பலகை (ஈரத்தை ஓரளவு தாங்கும் அடர்த்தியான மரநார்ப் பலகை) போதும், அங்கே மரைன் பிளைவுட்டுக்குச் செலவழிப்பது தேவையில்லை. கூடைகளும் சிங்க்கும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 304 என்று நம்பிவிட முடியாது, ஏனென்றால் நிக்கல் குறைவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. கடற்காற்று படும் திருவான்மியூரில் நான் பார்த்தவரை 202 கூடைகள் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கின்றன.

பெரிய நிறுவனங்களின் பலம், தொழிற்சாலையில் ஒரே சீராக வெட்டி ஓரம் ஒட்டும் துல்லியமும், கணினியில் முன்கூட்டியே காட்டும் வரைபடமும், எழுத்தில் தரும் உத்தரவாதமும். ஆனால் வீட்டுக்கு வந்து பொருத்துபவர்கள் பல நேரங்களில் துணை ஒப்பந்தக்காரரின் ஆட்களாக இருப்பார்கள், வடிவமைத்தவர் அதற்குள் வேறு வேலைக்கோ வேறு நிறுவனத்துக்கோ போயிருப்பார். பத்து ஆண்டு உத்தரவாதம் என்ற தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில், தண்ணீரால் வரும் சேதம் சேராது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தச்சரை அமர்த்தி, பிளைவுட் கடைகள் இருக்கும் சைடன்ஹாம்ஸ் சாலையில் பிளைவுட்டையும் லேமினேட்டையும் நாமே எடுத்துக்கொடுப்பது செலவு குறைந்த வழி. பொருளின் தரம் நம் கையிலேயே இருக்கும். கையால் ஒட்டிய ஓரப்பட்டை இயந்திரத்தில் சூடான பசையிட்டு ஒட்டியதைப் போல நீடிக்காது என்பதே இதன் குறை. நல்ல தச்சர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், கீழ்ப்பகுதியைக் கடப்பா கல்லால் தடுத்துக் கட்டி, மேலே கிரானைட் போட்டு, கதவுகளையும் டிராயர்களையும் மட்டும் அவரிடம் செய்துகொள்ளலாம். தரைத்தள வீட்டுக்காரர் யார் கேட்டாலும் இதையே சொல்வேன். உங்கள் வீடு மேல்தளத்தில் இருப்பதால் தொழிற்கூடமே பொருத்தம். அங்கே நேரில் போய், பலகை வெட்டும் இயந்திரமும் எட்ஜ் பேண்டிங் இயந்திரமும் உண்மையிலேயே ஓடுகின்றனவா, வெளியில் வாங்கிய பெட்டிகளுக்குப் பெயர்ப்பலகை மட்டும் மாட்டுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையை ஒப்பிடும்போது மூன்று இடங்களுக்கும் ஒரே வரைபடத்தையே கொடுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒருவர் சொல்வது முகப்பின் பரப்பளவுக்கு மட்டும் இருக்கலாம், இன்னொருவர் சொல்வது உட்பெட்டிகளையும் கூடைகளையும் சேர்த்ததாக இருக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்து எது மலிவு என்று சொல்லவே முடியாது. பலகை, லேமினேட், ஹிஞ்ச், டிராயர் ஓடும் சேனல் ஒவ்வொன்றின் நிறுவனப் பெயரும் ரகமும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ஹெட்டிஹ், எப்கோ போன்ற நல்ல பெயர்கள் இருந்தாலும் அவற்றிலும் பல விலை ரகங்கள் உள்ளன. கிரானைட், சிம்னி, குழாய், மின்வேலை, 18 சதவீத ஜிஎஸ்டி ஆகியவை உள்ளேயா வெளியேயா என்பதையும் எழுதி வாங்குங்கள். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு ஒரு முறை வந்து அளவெடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

அளவு என்றதும் இன்னொன்று. மேடை உயரத்தை அவர்களுடைய வழக்கமான அளவுக்கு விட்டுவிடாதீர்கள். யார் அதிகம் சமைக்கிறாரோ அவரை நிற்க வைத்து, மடக்கிய முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடையின் மேற்பரப்பு வருமாறு குறிக்கச் சொல்லுங்கள். உங்களைவிட உயரம் குறைந்த அம்மாவும் நீங்களும் சேர்ந்து சமைப்பீர்கள் என்றால் அம்மாவின் உயரத்துக்கே வையுங்கள், ஏனென்றால் உயரமான மேடையில் கையைத் தூக்கியபடி வேலை செய்வது தோள்பட்டையைப் படுத்திவிடும். டேபிள்டாப் கிரைண்டருக்குத் தாழ்வான ஓர் இடமும் பக்கத்திலேயே மின்பிளக்கும் கட்டாயம் வேண்டும். மாவோடு அதைத் தூக்கிச் சரிக்கும் பாரம் வடிவமைப்பாளர் பலருக்குத் தெரிவதில்லை. சிலிண்டரைப் பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் அதன் கதவின் கீழ்ப்பக்கம் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு தேங்கும்.

பணத்தைத் தவணையாகப் பிரித்து, பத்தில் ஒரு பங்கையாவது எல்லாக் கதவும் சரியாக மூடி, சிங்க் கசிவின்றி ஒரு வாரம் ஓடிய பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெட்டிகளை அனுப்புவதற்கு முன்பே முழுத் தொகையும் வேண்டும் என்பவர்களிடம் இந்தப் பேச்சு கடினம், ஆனால் தொழிற்கூடக்காரர்கள் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். முறையான ரசீதை விடாமல் வாங்குங்கள். ரசீது இருந்தால், நிறுவனத்தின் தலைமையகம் வேறு ஊரில் இருந்தாலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள்.