முகாம்ல குடுத்த பொடியும் வீட்டுக்கு வர்ற மாத்திரையும்

கேள்வி: வணக்கம் டாக்டர். போன மாசம் எங்க ஊர் ஸ்கூல்ல சித்த மருத்துவ முகாம் போட்டாங்க. அம்மாவுக்கு 61 வயசு, 9 வருஷமா சுகர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க. முகாம்ல ஆவாரைக் குடிநீர் சூரணம் (கஷாயம் காய்ச்சுற பொடி) குடுத்ததும் அம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க, மூணு வாரம் ஆச்சு, கேட்டா இது மூலிகை, பக்கவிளைவு இல்லன்னு சொல்றாங்க. என்ன செய்ய?
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: நாளைக்குக் காலையிலேயே வெறும் வயித்தோட அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. சுகர் பார்த்துட்டு, நிறுத்துன மாத்திரையை எப்படித் திரும்ப ஆரம்பிக்கணும்னு அங்கயே கேட்டுக்குங்க. இதைத் தள்ளிப்போடாதீங்க, சுகர் ஏறும்போது வலிக்காது, அதனாலதான் கண்ணும் கிட்னியும் கெட்டுப்போற வரைக்கும் தெரியாமயே போயிடுது.

ஆவாரைக் குடிநீர் நல்ல மருந்துதான், நானும் எழுதிக் குடுக்குறேன். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை, கோரைக்கிழங்கு, கோஷ்டம்னு ஏழு சரக்கு சேர்ந்தது. ஆனா 9 வருஷ சுகருக்கு மாத்திரையோட சேர்த்துக் குடுக்குறது, மாத்திரைக்குப் பதிலா குடுக்குறது இல்ல. மூலிகைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு நினைக்கிறதும் தப்பு, சுகரைக் குறைக்கிற மருந்து ரெண்டு சேர்ந்தா சில பேருக்கு ரொம்ப இறங்கிடும், திடீர்னு வியர்த்துக் கை நடுங்குனா உடனே சர்க்கரையைக் கரைச்சுக் குடுக்கணும், இதை வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

எனக்கு வருத்தம் எங்கன்னா, முகாமுக்கு வர்ற நாங்க ஒரு சீட்டுல எழுதுறோம், மாத்திரை கொண்டுவர்ற அக்கா இன்னொரு நோட்டுல எழுதுறாங்க, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கிறதே இல்ல, நடுவுல உங்க அம்மா தானா முடிவெடுக்குறாங்க. அவங்களைக் கோவிச்சுக்காதீங்க, யாரும் அவங்களுக்கு உக்காந்து சொல்லல. ரெண்டு சீட்டையும் ஒரே பையில போட்டு எங்க போனாலும் காட்டுங்க. முகாம் ஒருநாள் வந்து போயிடும், அதுக்கப்புறம் சித்தா பிரிவு இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நிறைய ஊர்ல இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருதடவை ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பாருங்க, அது மூணு மாச சுகரோட சராசரி, ஒருநாள் பத்தியம் இருந்து அதை ஏமாத்த முடியாது. அந்த நம்பர் நல்லா இறங்கி நின்னா மாத்திரையைக் குறைக்கலாமான்னு டாக்டர் பார்ப்பாரு.

குடிநீரை எப்படிப் போடுறாங்கன்னும் கேளுங்க. காலையில ஒரு சொம்பு காய்ச்சி வெச்சு ராத்திரி வரைக்கும் குடிக்கிறவங்களை முகாமுக்கு முகாம் பார்க்குறேன். குடிநீருக்கு ஆயுசு 3 மணி நேரம்தான்னு சித்த மருத்துவத்துலயே சொல்லியிருக்கு. சூரணத்துக்கே 3 மாசம்தான். ஒவ்வொரு வேளையும் புதுசா, சீட்டுல எழுதுன அளவுக்குத்தான் காய்ச்சணும்.

கேள்வி: எனக்கு பிபி இருக்கு. இந்துப்பு எவ்வளவு வேணாலும் போட்டுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, உண்மையா சார்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லைங்க. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதுவும் பிபியை ஏத்தும். எல்லா உப்பும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குலதான் வரும்.