நிலாவெளி ரோட்டில எடுத்த ரெண்டு ஊதாப்பூவும் ஒண்டில்ல

தங்கச்சி, மகள் செடி அமத்தி ஒட்டுற ஸ்கூல் ஆல்பத்துக்கு நிலாவெளி ரோட்டோரம் எடுத்த ரெண்டு ஊதாப்பூவும் ஒரே செடியா எண்டு போட்டோ அனுப்பிக் கேட்டிருந்தீங்க, இல்ல, வேற வேற.

முதல் போட்டோ அடம்பன். இலையைப் பாருங்கோ, நடுவில பிளந்து ஆட்டுக்குளம்பு மாதிரி இருக்கு, காம்பை ஒடிச்சா பால் வரும், மணல்ல கொடியா ஓடும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" எண்டு சொல்றது இதைத்தான், அதையும் பக்கத்தில எழுதச் சொல்லுங்கோ, டீச்சர் சந்தோசப்படுவா.

ரெண்டாவது கொடியே இல்ல, நிமிந்து நிக்கிற சின்னச் செடி. காலமை பிடுங்கின பூ மத்தியானமே கொட்டிட்டுது எண்டு சொன்னீங்களே, அதில்தான் எனக்குப் பிடிபட்டது. நாங்க சின்னனில வெடிக்காய் எண்டுதான் சொல்லுவம், ஆல்பத்தில தாவரவியல் பேரா ருவெல்லியா டியூபரோசா எண்டு எழுதினா சரி. ஊர்ச்செடி மாதிரிக் கிடக்கு, ஆனா அமெரிக்காப் பக்கத்தால வந்தது. நல்லாக் காஞ்ச காய் ஒண்டைத் தண்ணிக்குள்ள போட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்கோ, டப் எண்டு வெடிச்சு விதை பறக்கும், வகுப்பில பின்வாங்கில இருந்து இதை எச்சில் தொட்டு முன்னால இருக்கிறவன்ர கழுத்துக்குள்ள போட்டு அடி வாங்கின ஆக்கள் நாங்கள்.

அதோட வந்த மூண்டாவது போட்டோ ஊதாப்பூ இல்ல, நடுவில மஞ்சள், சுத்திவர வெள்ளை இதழ், நுனியில மூண்டு பல்லு மாதிரி வெட்டு, அது வெட்டுக்காயப்பூண்டு.

அடம்பன் இலை தடிப்பு, ஈரம் கூட. பேப்பருக்குள்ள வைச்சு அமத்தேக்க ஒவ்வொரு நாளும் பேப்பரை மாத்துங்கோ, இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். வெடிக்காய்ப் பூவை மட்டும் விடியவே பிடுங்கி உடன அமத்திடுங்கோ.