பத்தாம் வகுப்பின் நடுவில் டிசி வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. திருப்பூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறான். காலாண்டில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஃபெயில். சனி, ஞாயிறு மட்டும் பனியன் கம்பெனிக்குப் போனவன் இப்போது வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கே போவதில்லை. டிசி வாங்கிக்கொண்டு டுட்டோரியலில் சேர்த்து, தனித்தேர்வராக எழுத வைக்கச் சொல்கிறார்கள் பள்ளியில். தெரிந்தவர் ஒருவரோ 30,000 ரூபாய் கொடுத்தால் பத்தாவதே இல்லாமல் நேராகப் பிளஸ் டூ சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. டிசியில் கையெழுத்துப் போடாதீர்கள், அந்தத் தெரிந்தவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

பள்ளி ஏன் அப்படிச் சொல்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். ரிசல்ட் வந்ததும் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துவார்கள். விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். 35 எடுக்க மாட்டான் என்று தோன்றும் பையன் பட்டியலிலேயே இல்லாவிட்டால் கணக்கு அழகாகிவிடும். ஒன்பதாவதில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாவது ஹாலுக்கு வரவில்லை என்று அதே கூட்டத்தில் யாராவது கேட்கிறார்களா? கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு கையை எடுத்துக்கொள்கிறது. உங்கள் மகன் 15. நன்றாகத்தான் சட்டம் போட்டிருக்கிறோம்!

தனித்தேர்வர் என்றால் வீட்டில் இருந்து படித்துப் போய் எழுதிவிடலாம் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அதில் 15, எழுத்துத் தேர்வில் 75க்கு 20 எடுத்தால்தான் பாஸ். பள்ளியில் இருக்கும் பையனுக்கு இந்தச் செய்முறை பெரும்பாலும் கஷ்டமே இல்லை. தனித்தேர்வரோ பெயர் பதிவுசெய்து, குறிப்பிட்ட பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போய், 80 விழுக்காடு வருகை காட்ட வேண்டும். டுட்டோரியல் போர்டில் இதை எழுதியிருக்க மாட்டார்கள். பள்ளிக்கே போகாத பையன் அந்த வகுப்புக்கு மட்டும் போவானா?

இப்போது அந்த 30,000 ரூபாய். என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்மையானது, மத்திய அரசின் கீழ் 1989 முதல் நடப்பது. அதிலும் பத்தாவது பாஸ் செய்யாமல் பன்னிரண்டாவது சான்றிதழ் கிடையாது. புரோக்கர்கள் அந்தப் பெயரையோ, அதைப் போலவே ஒலிக்கும் 'ஓப்பன் போர்டு' பெயரையோ சொல்லிப் பணம் வாங்குவார்கள். கையில் வருவது பளபளப்பான ஒரு காகிதம், அவ்வளவுதான். காலேஜில் சேரும்போது, அதில் தப்பினால் அரசு வேலை கிடைக்கும்போது, உண்மைத்தன்மை சரிபார்க்க அனுப்புவார்கள். அன்றைக்கு வழக்கில் மாட்டுவது உங்கள் மகன். புரோக்கரின் போன் எப்போதோ ஸ்விட்ச் ஆஃப். 'பரீட்சைக்கு வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அசல் டிசியையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டு, மீதிப் பணம் கட்டினால்தான் தருவேன் என்கிற ஆட்களும் இருக்கிறார்கள். எவரிடமும் அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

டிசி வாங்கினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பொறியியல், மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அவர்களுக்குத்தான். நடுவில் வெளியேறினால் இவை கைநழுவும்.

சரி, பாஸ் ஆவானா? கணக்கை மட்டும் சொல்கிறேன். வினாத்தாளில் வடிவியல் வரைதல் 8, வரைபடம் 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. மொத்தம் 30. தினமும் ஒரு படம் வரைந்து பழகி, புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களைப் படித்தாலே 35க்குப் பக்கத்தில் வந்துவிடுவான். மெல்லக் கற்போருக்கான கையேடு பள்ளியில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்துக்கும் இதே வழிதான்.

கம்பெனியைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பார்த்த பையனுக்குப் பள்ளிக்கூடம் சின்னதாகத்தான் தெரியும். அவனைச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டரிடமே பேசி, பரீட்சை முடியும்வரை கூப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டிசி வாங்குவது நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: ஐடிஐ. அவனுக்கு உண்மையாகவே படிப்பு ஏறவில்லை, கைவேலையில்தான் ஆசை என்றால், எட்டாவது பாஸ் போதும் என்கிற தொழிற்பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் பிரிவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒயர்மேன் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். எட்டாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்து, பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலத் தாள்களையும் எழுதிப் பாஸ் செய்தால் பத்தாவதுக்கு இணை என்று தமிழக அரசு ஏற்றுக்கொள்கிறது. ஒரு வருடப் பிரிவுக்கு அது பொருந்தாது. சீக்கிரம் முடிகிறதே என்று ஒரு வருடத்தில் சேர்த்துவிட்டு, பிற்பாடு 'பத்தாவதுக்குச் சமம்தானே' என்று கேட்டு வருகிறார்கள். இல்லை. அரசு ஐடிஐயாகவே பாருங்கள், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். அங்கே இடம் உறுதியான பிறகு டிசி கேளுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இந்த வாரமே பள்ளிக்குப் போய், பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் மகன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பள்ளி மாணவனாக எழுத முடியாது. மழுப்பினால் மனுவாக எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அவர்களிடம் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு, இல்லையென்றால் 14417க்குப் போன். பொதுத்தேர்வில் ஒரு பாடம் போனாலும் அந்தப் பாடத்தை மட்டும் சில வாரங்களில் துணைத் தேர்வில் எழுதிவிட்டு, அதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம். அதற்கும் அந்தப் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம்.