‘இல்லை’யில் முடியும் ஃபியூ

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். சென்ற மாதம் புதிய ஆர்டர் ஒன்றின் அளவுப் பட்டியல் வந்தது. கழுத்து அளவிலும் கை நீளத்திலும் எனக்குக் குழப்பம் இருந்தது. ‘ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ் அபௌட் தி மெஷர்மென்ட்ஸ்’ என்று வெளிநாட்டு வாங்குநருக்கு எழுதி அனுப்பினேன். என்னவென்று கேட்பார்கள், விவரமாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். ‘மகிழ்ச்சி, சாம்பிள் தைக்கத் தொடங்குங்கள்’ என்று பதில் வந்தது. தைத்து அனுப்பிய சாம்பிள் திரும்பி வந்துவிட்டது. ‘எ ஃபியூ’ என்று எழுதியிருக்க வேண்டும் என்கிறார் மேலாளர். என்னிடம் இருக்கும் சிறிய அகராதி இரண்டுக்குமே ‘சில’ என்றுதான் பொருள் சொல்கிறது. ஓர் ‘எ’ எப்படிப் பொருளையே மாற்றும்? சம், எனி ஆகியவற்றிலும் இதே தடுமாற்றம். விதிகளை மனப்பாடம் செய்தும் எழுதும்போது கைகொடுப்பதில்லை.

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

நீங்கள் எழுதிய வாக்கியத்தை நம் நாட்டு அலுவலகங்களில் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். எழுதுபவரும் படிப்பவரும் இந்தியராக இருக்கும்வரை இடைஞ்சல் இல்லை. உங்கள் கடிதம் கடல் தாண்டிப் போனது. அங்கே படித்தவருக்கு அது ‘அளவுகளைப் பற்றி எனக்கு ஐயம் அநேகமாக இல்லை’ என்று பொருள் தந்திருக்கும். அவர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ‘டவுட்’ என்பதும் நாம் நினைக்கும் சொல் அல்ல. வகுப்பில் கை தூக்கிக் கேட்கும் சந்தேகத்தை நாம் டவுட் என்கிறோம். அவர்களுக்கு அது நம்பிக்கைக் குறைவு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு ‘கொஸ்டின்’ போதும்.

இனி அந்த ‘எ’. ஒரு கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாற்காலி போட்டவர் ‘ஃபியூ’ என்பார். மழையில் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தவர் ‘எ ஃபியூ’ என்பார். வந்தவர்கள் அதே ஐந்து பேர்தான். சொல்பவரின் எதிர்பார்ப்புதான் வேறு. அகராதி ‘சில’ என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு, அந்த எதிர்பார்ப்பை விட்டுவிட்டது. நீங்கள் தடுமாறியதற்கு அதுதான் காரணம்.

தமிழில் இந்த வேலையை ஏகாரம் செய்கிறது. ‘சிலர் வந்தார்கள்’, ‘சிலரே வந்தார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது, நன்னூல் ஆறு சொல்கிறது. இரண்டிலும் பிரிநிலை உண்டு. ஒன்றைக் கூட்டத்திலிருந்து பிரித்து ‘இவ்வளவுதான்’ என்று நிறுத்துவது அது.

ஆனால் அன்றாடம் நாம் ‘சிலரே வந்தார்கள்’ என்று சொல்வதில்லை. ‘அவ்வளவாக யாரும் வரவில்லை’ என்கிறோம். அந்த ‘இல்லை’யைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபியூ, உருவில் எப்படி இருந்தாலும், எதிர்மறைச் சொல். ஆங்கிலமே அதை அப்படித்தான் நடத்துகிறது. ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் பின்னால் ‘டிடின்ட் தே?’ என்று கேட்பார்கள். ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் ‘டிட் தே?’ என்று கேட்பார்கள், ‘நோபடி கேம்’ என்ற வாக்கியத்துக்குக் கேட்பதைப் போலவே.

ஆகவே எழுதுமுன் மனத்தில் ஓடும் தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கேளுங்கள். ‘சில கேள்விகள் இருக்கின்றன’ என்று முடிந்தால் ‘எ ஃபியூ’. ‘அவ்வளவாகக் கேள்விகள் இல்லை’ என்று முடிந்தால் ‘ஃபியூ’. அந்த இரண்டாவது இடத்தில்கூட ‘நாட் மெனி’ என்று எழுதுவதையே நான் விரும்புவேன். பேச்சில் அவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள், தவறாகப் புரிந்துகொள்ளவும் வழியில்லை.

இரண்டு இடங்களில் இந்தச் சோதனை உதவாது. ‘ஒன்லி எ ஃபியூ’ என்றால் ‘எ’ இருந்தும் ‘சிலரே’ என்ற பொருள்தான். ‘குவைட் எ ஃபியூ’ என்றால் கணிசமான பேர், ஏறக்குறைய நிறையப் பேர். வாங்குநர் ‘குவைட் எ ஃபியூ’ பீஸ்களில் தையல் பிசகு என்று எழுதினால், ஒன்றிரண்டுதானே என்று இருந்துவிடாதீர்கள்.

தண்ணீர், நேரம், அனுபவம் போல எண்ண முடியாதவற்றுக்கு லிட்டில், எ லிட்டில். கணக்கு அதேதான். இளம் வயதில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது, மெய்ப்புத் திருத்துவதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு என்பதை ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதினேன். பதிலே வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதத்தின் நகலைப் பார்த்தபோது, அனுபவம் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருந்தது தெரிந்து மனம் வலித்தது. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவது அதனால்தான்.

சம், எனி விஷயத்தில் தமிழர்கள் கொடுத்து வைத்தவர்கள். ‘யாரோ வந்தார்கள்’, ‘யாராவது வந்தார்களா?’, ‘யாரும் வரவில்லை’ என்று மூன்றையும் நாம் பிசகாமல் சொல்கிறோம். ‘யாரோ’ வரும் இடத்தில் சம்ஒன். மற்ற இரண்டிலும் எனிஒன் எட்டிப் பார்க்கும். ‘யாரும் வரவில்லை’ என்பதில்தான் சிக்கல். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘எனிஒன் டிட் நாட் கம்’ என்று எழுதுகிறோம். அது ஆங்கிலமே அல்ல. எதிர்மறை முன்னால் வந்து வழிவிட்டால்தான் அங்கே எனி வரமுடியும். ‘ஐ டிடின்ட் சீ எனிஒன்’ சரி. தமிழில் வினை கடைசியில் நிற்பதால் ‘இல்லை’யும் கடைசியில் வருகிறது, நமக்கு அது உறுத்துவதில்லை. வாக்கியத்தின் தொடக்கமே ‘யாரும்’, ‘எதுவும்’ என்றால் ‘நோபடி’, ‘நத்திங்’ என்று எழுதுங்கள். உபசரிப்பு ஒரு விலக்கு: கேள்வியாக இருந்தாலும் ‘வுட் யூ லைக் சம் டீ?’ என்றே கேட்பார்கள், வேண்டும் என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்பதால்.

அடுத்த கடிதத்தை ‘ஐ ஹேவ் எ ஃபியூ கொஸ்டின்ஸ்’ என்று தொடங்குங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், கழுத்து அளவு, கை நீளம் என்று கேள்விகளையும் அதன் கீழேயே எண் போட்டு எழுதிவிடுங்கள்.