உப்புத் தண்ணிக்குத் தாங்குற திராட்சை

கேள்வி: தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டம். போர்வெல் தண்ணி உப்பு. பன்னீர் திராட்சை இலை ஓரமெல்லாம் கருகுதுங்க. தாங்குற கொடி உண்டா? பழத்தில் வீட்டிலேயே வைன் போடலாமா?

பதில்: இலை நுனியில் தொடங்கி ஓரம் வழியாக உள்ளே வரும் பழுப்பு, பெரும்பாலும் உப்புத் தண்ணியில் உள்ள குளோரைடு ஏறியதன் அடையாளம்ங்க. ரகத்தை மாற்ற வேண்டாம், வேரை மாற்றுங்கள். உப்பைத் தாங்குற டாக்ரிட்ஜ் என்ற திராட்சைக் கொடியை வேர்ச்செடியாக (வேருக்காக வளர்ப்பது) வைத்து, அதன்மேல் ஒட்டுக்கட்டிய பன்னீர் நாற்று வாங்கி, வரிசைக்கு வரிசை 3 மீட்டர், செடிக்குச் செடி 2 மீட்டர் விட்டு நடுங்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாண் நிற்க வேண்டும். அது புதைந்தால் மேல்கொடியே வேர் விட்டுவிடும், ஒட்டுக்குக் கொடுத்த காசு வீண். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ளிவிடுங்கள். பொட்டாஷுக்கு மியூரியேட் வேண்டாம், அதிலேயே குளோரைடு இருக்கிறது. சல்பேட் வடிவம் போடுங்கள்.

உரிமம் இல்லாமல் வைன் போடுவது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். சாறு எடுங்கள். காம்பு நீக்கிய பழத்தை மசித்து, கொதிக்கவிடாமல் 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வைத்தால் தோலின் நிறம் இறங்கும். கொதித்தால் பன்னீர் வாசம் போய்விடும். வடிகட்டி, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். அடியில் கண்ணாடித்தூள் போல மின்னுவது திராட்சையிலேயே இருக்கும் டார்ட்டரேட் உப்பு. கெடுதல் இல்லை, தெளிவை மட்டும் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள்.